கன்டெய்னர் சரக்கு இப்போது எங்கே? அடையாளம், சீல், டிராக்கிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், கரூர், கோவை பக்கமிருந்து தூத்துக்குடி வழியாக ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புபவர்களும், ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பித் தரும் முகவர்) அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பாதை பெரும்பாலும் ஒன்றுதான்: ஆலையில் ஸ்டஃபிங் (கன்டெய்னருக்குள் சரக்கை அடுக்குவது), டிரெய்லரில் தூத்துக்குடி, ஃபீடர் என்ற சிறு கப்பலில் கொழும்பு, அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்தக் கருவியும் உங்கள் சரக்கைப் பார்ப்பதில்லை. ஓர் எண்ணை, ஓர் இடத்தில், ஒரு நேரத்தில் பார்த்ததாகச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த எண்ணுக்குள் உங்கள் பனியன்கள் இருக்கின்றன என்பது நீங்கள் எழுதிக் கொடுத்த தகவல். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த எழுத்து வேலையில் பிறந்தவை.

ஒரே சரக்குக்கு ஏன் இத்தனை எண்கள்? எதை வைத்துத் தேடுவது?

ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொருவருடைய கணக்கு. புக்கிங் எண் கப்பலில் இடம் பிடித்ததற்கு. ஷிப்பிங் பில் எண் சுங்கத்துறைக்கு. கன்டெய்னர் எண் இரும்புப் பெட்டிக்கு, சீல் எண் அதன் கதவுக்கு. 12 இலக்க இ-வே பில் எண் ஜி.எஸ்.டி.க்கு. கார்ட்டன் லேபிளில் இருப்பது வாங்குபவரின் கிடங்குக்கு.

காலி கன்டெய்னர் ஒதுக்கப்படும் வரை புக்கிங் எண் மட்டுமே வேலை செய்யும். அதன்பின் துறைமுகம் வரை கன்டெய்னர் எண். கப்பல் கிளம்பியபின் பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ஆவணம்) எண்ணையும் கன்டெய்னர் எண்ணையும் சேர்த்தே பாருங்கள். ஃபார்வர்டர் கொடுத்த ஹவுஸ் பி.எல். எண்ணைக் கப்பல் நிறுவனத் தளத்தில் போட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். அங்கே செல்லுவது கப்பல் நிறுவனமே கொடுத்த மாஸ்டர் பி.எல். எண். பலருடைய சரக்கோடு சேர்ந்து போகும் சில்லறைச் சரக்கு என்றால், சி.எஃப்.எஸ். என்ற கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் ஏற்றி முடித்த பிறகுதான் கன்டெய்னர் எண்ணே தெரியும். அதற்கு முன் கேட்டு யாரையும் நச்சரித்துப் பயனில்லை.

கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கத்தைச் சுற்றி ஏன் கட்டம் போட்டிருக்கிறார்கள்?

அது செக் டிஜிட். ஐ.எஸ்.ஓ. 6346 தரப்படி எண்ணில் 11 இடங்கள் உண்டு. முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளர் குறி. பாரிஸில் உள்ள பி.ஐ.சி. அமைப்பு பதிவு செய்து கொடுப்பது. நான்காவது எழுத்து சரக்குக் கன்டெய்னர் என்றால் யூ. அடுத்த ஆறு இலக்கம் வரிசை எண். கடைசி இலக்கம் முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவது.

கணக்கு இப்படி. ஏ எழுத்துக்கு மதிப்பு 10. அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கூடும், ஆனால் 11, 22, 33 ஆகியவற்றைத் தாண்டிவிட வேண்டும். அதனால் அடுத்த எழுத்துக்கு 12, எல்-க்கு 23, யூ-வுக்கு 32, கடைசி எழுத்து இசட்டுக்கு 38. இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 512 வரை பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் செக் டிஜிட்.

பாடங்களில் வழக்கமாகக் காட்டப்படும் எண்ணையே எடுத்துக்கொள்வோம்: சி எஸ் க்யூ யூ 305438, செக் டிஜிட் 3. எழுத்துகளின் மதிப்புகள் 13, 30, 28, 32. பெருக்கினால் 13, 60, 112, 256. எண்களின் பங்கு 48, 0, 320, 512, 768, 4096. மொத்தம் 6185. பதினொன்றால் வகுத்தால் 562 முறை போக மீதி 3. பொருந்துகிறது. மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள்.

எக்செலில் ஒருமுறை இந்தச் சூத்திரத்தைப் போட்டு வைத்துவிட்டால் போதும். ஷிப்பிங் பில், பி.எல். டிராஃப்ட் எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ணை அதில் தட்டிப் பாருங்கள்.

செக் டிஜிட் சரியாக வந்துவிட்டால் எண் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

இலக்கங்களைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட ஆமாம். ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் பிடித்துவிடும். 10 வரும்போது 0 எழுதும் ஏற்பாட்டில் மட்டும் ஒரு சிறு ஓட்டை.

எழுத்துகளில்தான் பெரிய ஓட்டை. ஜி-யின் மதிப்பு 17, க்யூ-வின் மதிப்பு 28. வித்தியாசம் சரியாக 11. அதாவது மேலே உள்ள எண்ணில் க்யூ-வை ஜி என்று படித்தால் மொத்தம் 6141 ஆகும். பதினொன்றால் வகுத்தால் மீதி அப்போதும் 3. பெயின்ட் உரிந்த கதவில் இந்த இரண்டு எழுத்தும் ஒரே மாதிரி தெரியும் என்பது கொடுமை. எச்-ஆர் (18, 29), எம்-டபிள்யூ (24, 35), எஃப்-உம் ‘பாரிஸ்’ என்பதன் முதலெழுத்தும் (16, 27) இதே கதைதான். போனில் எழுத்தைச் சொல்லும்போது ‘பம்பாய் பி-யா, பாரிஸ் பி-யா’ என்று குழம்புவது மட்டும் கணக்கில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் 12-க்கும் 27-க்கும் வித்தியாசம் 15.

ஆகவே எழுத்துப் பகுதியைக் கப்பல் நிறுவனத்தின் குறிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அப்படி ஒரு குறியே இல்லை என்றால் எங்கோ கண் தவறியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, செக் டிஜிட்டால் ஒன்றும் செய்ய முடியாதது. ஆலை வாசலில் இரண்டு கன்டெய்னர் நிற்கிறது. இரண்டின் எண்ணும் சரியானதுதான். பேக்கிங் லிஸ்ட் மட்டும் மாறிப் போகிறது. இதற்கு மருந்து ஸ்டஃபிங் தொடங்கும் முன் திறந்த கதவையும் எண்ணையும் முதல் வரிசை கார்ட்டனையும் ஒரே படத்தில் எடுத்து வைப்பது.

யார்டில் காலி கன்டெய்னர் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எண் இரண்டு பக்கச் சுவர், முன்புறம், கதவு, கூரை ஆகிய இடங்களில் இருக்கும். கதவில் உள்ளதையும் பக்கச் சுவரில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். கைமாறிய பழைய கன்டெய்னர்களில் பழைய எண்ணை அழித்து எழுதியதன் நிழல் தெரிவதுண்டு. பிறகு இடது கதவில் இருக்கும் சி.எஸ்.சி. என்ற பாதுகாப்புச் சான்று உலோகத் தகட்டில் அடுத்த பரிசோதனைத் தேதியோ, தொடர் பரிசோதனைத் திட்டக் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். யார்டு கொடுக்கும் ஈ.ஐ.ஆர். சீட்டில் எண்ணும் நசுங்கல்களும் எழுதப்பட்டிருக்க வேண்டும். டிரைவர் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துத் துவைத்துவிடுவதற்கு முன் போட்டோ வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணுக்குக் கீழே இருக்கும் நான்கு எழுத்துக் குறி அளவையும் வகையையும் சொல்கிறது. 22ஜி1 என்றால் 20 அடி சாதாரணம், 42ஜி1 என்றால் 40 அடி, 45ஜி1 என்றால் 40 அடி ஹைகியூப் (உயரம் கூடியது). 42-க்குப் புக்கிங் போட்டு 45 வந்திருந்தால் கப்பல் நிறுவனத்திடம் உடனே சொல்லிவிடுங்கள்.

சாதாரண போல்ட் சீலுக்கும் இ-சீலுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டும் ஐ.எஸ்.ஓ. 17712 தரத்தில் உயர் பாதுகாப்பு வகைதான். பெரிய கட்டர் இல்லாமல் அறுபடாது. இ-சீலின் தலைக்குள் கூடுதலாக ஓர் ஆர்.எஃப்.ஐ.டி. (ரேடியோ அலையில் தன் அடையாளத்தைச் சொல்லும்) சிப் இருக்கும். பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையில் விழித்து, தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். அதனால் வழியில் வண்டி எங்கே நின்றது என்று இ-சீலுக்குத் தெரியாது. ‘எலக்ட்ரானிக்’ என்ற சொல்லைக் கேட்டு, வரைபடத்தில் புள்ளி நகரும் என்று எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய.

இந்தியாவில் ஆலையிலேயே ஏற்றுமதியாளர் சீல் வைக்கும் முறை 2017 ஜூலை 1 தேதியிட்ட சுங்கச் சுற்றறிக்கை 26-இல் வந்தது. அதற்கு முன் கலால் அதிகாரி வந்து நின்று சீல் வைக்க வேண்டும். இப்போது அந்த அதிகாரியின் இடத்தில் நிற்பது இந்தச் சிப்பும் நீங்கள் ஏற்றும் தகவலும்.

இ-சீல் வைக்கும் வரிசை என்ன?

முதலில் ஷிப்பிங் பில் போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும். சீல் தகவலோடு அந்த எண்ணையும் தேதியையும் சேர்க்க வேண்டியிருப்பதால் வரிசையை மாற்ற முடியாது. ஸ்டஃபிங் முடிந்ததும் இடது கதவு, பிறகு வலது கதவு. வலது கதவின் கைப்பிடித் துளையில் போல்ட்டை நுழைத்து, தலைப்பகுதியை ‘க்ளிக்’ கேட்கும் வரை அழுத்த வேண்டும். கேட்டபின் நாலு வேலை: பார், எண்ணை ஒப்பிடு, கீழே பிடித்து இழு, திருகிப் பார். திருகும்போது கழன்று வந்தால் அந்தச் சீலைத் தூக்கி எறியுங்கள். அரைகுறையாக மாட்டிய சீல் தூத்துக்குடி போவதற்குள் வேகத்தடைகளிலேயே விழுந்துவிடும்.

பிறகு சீல் விற்ற நிறுவனத்தின் ஆப்பில் தகவலை ஏற்ற வேண்டும்: ஐ.ஈ.சி. (உங்கள் ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு) எண், ஷிப்பிங் பில் எண், அதன் தேதி, இ-சீல் எண், சீல் வைத்த தேதி, நேரம், போகும் சுங்க நிலையம், கன்டெய்னர் எண், டிரெய்லர் எண். சீலை வாங்கியபோது உங்கள் ஐ.ஈ.சி.யோடு அது இணைக்கப்பட்டிருக்கும். அவசரத்துக்குப் பக்கத்து ஆலையில் ஒரு சீல் கடன் வாங்கினால் துறைமுகத்தில் அது பக்கத்து ஆலையின் பெயரைத்தான் சொல்லும்.

வழியில் டிரெய்லர் பழுதாகி வேறு வண்டியில் மாற்றினால், இ-வே பில் மட்டுமல்ல, இ-சீல் தகவலிலும் வண்டி எண்ணைத் திருத்த வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் மறக்கிறார்கள்.

துறைமுகத்தில் ரீடர் வைத்தும் சீல் படிக்கவில்லை. ஏன்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. சிப் இருக்கும் முகம் கதவு இரும்பைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இரும்பு அலையைத் திருப்பி அடித்து ஆன்டெனாவை மூடிவிடும். கையால் வெளிப்பக்கம் திருப்பிவிட்டாலே படிக்கும். அல்லது தலைமேல் சேறோ மழைநீரோ படிந்திருக்கும். துணியால் துடைத்தால் சரி. மூன்றாவது, அடி வாங்கி உள்ளே ஆன்டெனா கம்பி அறுந்திருக்கும். அதற்கு வைத்தியம் இல்லை.

சீல் படிக்கிறது, ஆனால் ‘தகவல் இல்லை’ என்று வந்தால் சீல் மேல் பழி போடாதீர்கள். ஆப்பில் ஏற்றியது சர்வருக்குப் போகாமல் போனிலேயே நின்றிருக்கும். ஆலைக்குள் நெட்வொர்க் இல்லாத ஸ்டஃபிங் தளங்களில் இது வாடிக்கை. வண்டி வாசல் தாண்டும் முன் ‘ஏற்றப்பட்டது’ என்ற பதிலைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சீல் உடைந்திருந்தாலோ எண் பொருந்தாவிட்டாலோ கன்டெய்னரைத் திறந்து பரிசோதிக்க வேண்டிவரும். கட்-ஆஃப் நேரத்துக்கு (அந்தக் கப்பலுக்குச் சரக்கு வாங்கும் கடைசி நேரம்) இரண்டு மணி முன்னால் வண்டியை நுழைப்பவர்களுக்கு அத்தோடு அந்தக் கப்பல் போனது.

இ-வே பில்லும் ஃபாஸ்டேக்கும் இருந்தால் வண்டியை டிராக் செய்யலாமா?

அதற்காகச் செய்தவை அல்ல, ஆனாலும் தடம் விடும். ஃபாஸ்டேக் 865–867 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஆர்.எஃப்.ஐ.டி. ஸ்டிக்கர். சுங்கச்சாவடி தாண்டிய நேரம் அதன் கணக்கில் பதிவாகும். வண்டி உரிமையாளருக்கு எஸ்.எம்.எஸ். போகும். டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் அந்த எஸ்.எம்.எஸ்.ஸை வாங்கினாலே வண்டி எங்கே என்பது பாதி தெரிந்துவிடும்.

இ-வே பில்லில் கவனிக்க வேண்டியது செல்லுபடிக் காலம். 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். திருப்பூரிலிருந்து தூத்துக்குடி சுமார் 330 கிலோமீட்டர், ஆக இரண்டு நாள். ஒரு நாள் என்பது போட்ட நேரத்திலிருந்து அடுத்த நாள் நள்ளிரவு வரை. துறைமுக வெளியில் வரிசை நீண்டு காலாவதியாகப் போனால், முடியும் நேரத்துக்கு எட்டு மணி முன்னாலிருந்து எட்டு மணி பின்னால் வரைதான் நீட்டிக்க முடியும். வெளிநாட்டு வாங்குபவரின் பின்கோடு இடத்தில் 999999 போட்டு, சரக்கு போய்ச் சேரும் இடத்தில் (‘ஷிப் டு’) துறைமுகத்தின் பின்கோடைப் போடுங்கள். இரண்டாவதைத் தவறாகப் போட்டால் தூரமும் நாள் கணக்கும் தவறாக வரும்.

லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்கிறார்களே, அது வேறா?

வேறு. இந்திய அரசு சார்ந்த நிறுவனமும் ஜப்பானின் என்.இ.சி.யும் சேர்ந்து நடத்துவது. 2016-இல் மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கியது. கன்டெய்னரில் ஒட்டும் தனி ஆர்.எஃப்.ஐ.டி. டேக்கை முனைய வாசல், சி.எஃப்.எஸ்., சில சுங்கச்சாவடிகளில் உள்ள ரீடர்கள் படிக்கின்றன. எல்.டி.பி. தளத்தில் கன்டெய்னர் எண்ணைப் போட்டால் கடந்த இடங்கள் வரிசையாக வரும்.

ஆக உங்கள் வண்டியில் மூன்று ஆர்.எஃப்.ஐ.டி.: கண்ணாடியில் ஃபாஸ்டேக், கதவில் இ-சீல், கன்டெய்னரில் எல்.டி.பி. டேக். மூன்றும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஒன்று படித்தது என்பதற்காக மற்றொன்று படித்ததாகப் பொருளில்லை.

வாசலில் கேமராவே எண்ணைப் படிக்கிறதே, அதில் தவறு வருமா?

வரும். செங்குத்தாக எழுதிய எண், துரு, பழைய ஸ்டிக்கர், மாலை வெயில் நேராக அடிக்கும் நேரம் எல்லாம் அதற்கு எதிரி. நல்ல மென்பொருள் இடத்தைப் பார்த்துத் திருத்தும்: முதல் நான்கு இடத்தில் 0 வராது, ஓ-தான் வரும்; பின் ஏழு இடத்தில் எஸ் வராது, 5-தான் வரும். கடைசியில் செக் டிஜிட் போட்டுப் பார்க்கும். பொருந்தாததை ஓர் ஊழியர் திரையில் பார்த்துத் திருத்துவார். முன்னே சொன்ன ஜி-க்யூ ஓட்டை இங்கேயும் அப்படியே இருக்கிறது.

கொழும்பில் இறக்கியதாகக் காட்டுகிறது. அதன்பின் ஆறு நாளாகச் சத்தமே இல்லை. தொலைந்துவிட்டதா?

தொலையவில்லை, அடுக்கில் நிற்கிறது. முனையங்கள் கப்பல் நிறுவனத்துக்குச் செய்தி அனுப்புவது ஏதாவது நடந்தால்தான்: வாசலில் நுழைந்தாலோ வெளியேறினாலோ கோடெகோ என்ற மின் செய்தி, கப்பலில் ஏற்றினாலோ இறக்கினாலோ கோஆரி என்ற மின் செய்தி. யார்டில் சும்மா இருக்கும் கன்டெய்னருக்குச் செய்தியே கிடையாது. மௌனம் என்றால் அசையவில்லை என்று படித்துக்கொள்ள வேண்டும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறி வேறு. அடுத்த கப்பலின் பெயர் திடீரென மாறியிருந்தால் உங்கள் கன்டெய்னர் அந்தப் பயணத்திலிருந்து தள்ளிவிடப்பட்டிருக்கிறது. திட்டமிட்ட பெரிய கப்பல் கொழும்பிலிருந்து கிளம்பிய பிறகும் ‘ஏற்றப்பட்டது’ வரவில்லை என்றாலும் அதே பொருள்தான். இந்த இரண்டையும் பார்த்த அன்றே ஃபார்வர்டரைக் கூப்பிடுங்கள். காத்திருந்தால் அடுத்த வாரக் கப்பலிலும் இடம் போய்விடும். செங்கடலில் 2023 இறுதியில் தாக்குதல்கள் தொடங்கிக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியபோது, பயணம் 10–14 நாள் நீண்டதோடு இந்தத் தள்ளல்களும் பெருகின. அந்த நேரத்தில் பழைய அட்டவணையை நம்பி வாங்குபவருக்குத் தேதி கொடுத்தவர்கள் பாடு திண்டாட்டம்.

வரைபடத்தில் கப்பல் தெரிகிறது. அதில் காட்டும் வருகைத் தேதியை நம்பலாமா?

இடத்தை நம்பலாம், தேதியை நம்ப வேண்டாம். கப்பலில் உள்ள ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாளக் கருவி, ஓடும் கப்பலின் இடத்தை 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. நங்கூரமிட்டிருந்தால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. ஆனால் சேருமிடம், வருகை நேரம் இரண்டும் கப்பலில் யாரோ கையால் தட்டியவை. போன துறைமுகத்தின் பெயரே மூன்று நாளாக மாறாமல் இருக்கும். நடுக்கடலில் புள்ளி காணாமல் போனால் பதறாதீர்கள். கரையில் உள்ள வாங்கிகளின் எல்லை சில பத்துக் கடல் மைல்தான், அதற்கப்பால் செயற்கைக்கோள் வழியாக வருவதற்குக் கட்டணம் கேட்பார்கள்.

இன்னொரு விஷயம்: கப்பல் தெரிகிறது என்பதால் உங்கள் கன்டெய்னர் அதில் இருக்கிறது என்று பொருளில்லை. ‘ஏற்றப்பட்டது’ என்ற நிகழ்வைப் பார்த்தபின்தான் வரைபடத்தைத் திறக்க வேண்டும்.

கார்ட்டனுக்குள் ஒரு ஜி.பி.எஸ். டிராக்கர் போட்டுவிடலாமா?

போடலாம், ஆனால் எஃகுப் பெட்டிக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை வராது. செல்போன் டவரை வைத்துத் தோராயமான இடம் மட்டும் கிடைக்கும், அதுவும் கதவு ரப்பர் வழியாகக் கசியும் சிக்னலில். சரியான இடம் வேண்டுமானால் கதவின் வெளிப்புற மடிப்பில் பொருத்தும் வகை வாங்க வேண்டும். கார்ட்டனுக்குள் வைப்பது வேறு காரியங்களுக்குப் பயன்படும்: கதவு திறந்தால் வெளிச்சம், கீழே போட்டால் அதிர்ச்சி, வெப்பம், ஈரம். கதவுக்கு அருகே கடைசி வரிசையில், மேல் கார்ட்டனில் வையுங்கள். கொழும்பிலும் ஐரோப்பாவிலும் ரோமிங் உள்ள சிம்மா, அங்கே 2ஜி மட்டும் நம்பும் கருவியா என்று வாங்கும்போதே கேளுங்கள்; பல நாடுகளில் பழைய நெட்வொர்க்குகளை மூடிக்கொண்டு வருகிறார்கள்.

பேட்டரி எத்தனை நாள் வரும்?

விளம்பரத்தில் உள்ளதை விட்டுவிட்டு நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு பேச்சுக்கு, 5000 மில்லியாம்ப்-மணி பேட்டரி; வெப்பத்துக்கும் பழமைக்கும் கழித்து 80 விழுக்காடு, அதாவது 4000 என்று வையுங்கள். ஒருமுறை இடத்தைப் பார்த்து அனுப்ப 1.5 செலவு, தூக்கத்தில் நாளைக்கு 0.5. மணிக்கொருமுறை அனுப்பினால் நாளைக்கு 36.5, 109 நாள் வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளைக்கு 216.5, பதினெட்டே நாள். ஐரோப்பா போய்ச் சேராது.

கடலில் இதைவிட மோசம். நெட்வொர்க் இல்லாத இடத்தில் கருவி அலைந்து தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். சிக்னல் இல்லாவிட்டால் குறித்து வைத்துக்கொண்டு, கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து, அதை இயக்கி வையுங்கள்.

கப்பல் நிறுவனமே டிராக்கர் பொருத்தி வருகிறதாமே?

குளிர்சாதனக் கன்டெய்னர்களில் பல ஆண்டுகளாக இருக்கிறது. மேர்ஸ்க் தன் ரீஃபர் தொலைக் கண்காணிப்பை 2017-இல் வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிட்டது. சாதாரணக் கன்டெய்னர்களிலும் பொருத்தப்போவதாக ஹபாக்-லாய்ட் 2022-இல் அறிவித்தது. புக்கிங் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் தனியாக ஒன்று வாங்குவது மிச்சமாகலாம்.

வாங்குபவர் கார்ட்டன் லேபிளில் 18 இலக்க எண் கேட்கிறார். அது என்ன?

எஸ்.எஸ்.சி.சி. ஒவ்வொரு கார்ட்டனுக்கும், அல்லது ஒவ்வொரு பேலட்டுக்கும், ஒரே ஒரு எண். பார்கோடு எண்களை வழங்கும் ஜி.எஸ்.1 அமைப்பு உங்களுக்குக் கொடுத்த நிறுவன முன்னொட்டு, வரிசை எண், செக் டிஜிட் சேர்ந்தது. பார்கோடில் அதற்கு முன்னால் 00 என்ற குறி வரும். கார்ட்டனில் என்ன இருக்கிறது என்ற பட்டியலைக் கோப்பாக முன்கூட்டியே அனுப்பிவிட்டால், அவர்கள் கிடங்கில் ஒரு ‘பீப்’ போட்டதும் முழு விவரமும் வந்துவிடும். மறு அச்சில் பழைய எண்ணையே இரண்டு கார்ட்டனுக்குப் போட்டுவிட்டால், இரண்டாவது கார்ட்டன் அவர்கள் கணக்கில் வந்து சேர்ந்ததே இல்லை. அபராதக் குறிப்பு மட்டும் வந்து சேரும்.

அச்சில் கவனிக்க வேண்டியவை: பார்கோடின் உயரம் குறைந்தது 32 மில்லிமீட்டர், மிக மெல்லிய கோடு அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டு ஓரத்திலும் அந்த மெல்லிய கோட்டைப்போல் பத்து மடங்கு வெற்றிடம். பேலட்டில் ஒட்டினால் தரையிலிருந்து 400–800 மில்லிமீட்டர் உயரத்தில், செங்குத்து விளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டர் உள்ளே. ரிப்பன் இல்லாத நேரடி வெப்ப அச்சு லேபிள், வெயிலில் கொதிக்கும் கன்டெய்னருக்குள் மங்கிவிடும். மெழுகு ரிப்பன் போட்டு அச்சடிப்பதே காகித லேபிளுக்கு ஏற்றது.

அச்சுத் தலையில் ஒரு புள்ளி செத்துவிட்டால் லேபிள் நகரும் திசையில் ஒரு வெள்ளைக் கோடு விழும். பார்கோடு கோடுகளும் அதே திசையில் இருந்தால் ஒரு கோடே அழிந்து ஸ்கேனர் படிக்காது. பார்கோடைத் திருப்பி, ஏணிப்படி போல அச்சடித்தால் அந்த வெள்ளைக் கோடு எல்லாப் படிகளையும் குறுக்கே மட்டும் வெட்டும், படிப்பதில் சிக்கல் வராது. தலையை மாற்றும் வரை ஓட்டிவிடலாம்.

துணிகளில் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் வைத்தால் கார்ட்டனைத் திறக்காமல் எண்ணலாமா?

உலர்ந்த பருத்திக்கு நன்றாகவே வேலை செய்யும். உலோகப் பொத்தான், ஃபாயில் பை, ஈரம் மூன்றும் எதிரிகள். டேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அடுக்கப்பட்டால் ஒன்றின் நிழலில் மற்றொன்று படிக்காது. மடித்துப் போடும் திசையைக் கொஞ்சம் மாற்றினாலே எண்ணிக்கை கூடும். பக்கத்து மேசையில் உள்ள கார்ட்டனையும் சேர்த்து எண்ணிவிடுவது இதைவிட அடிக்கடி நடக்கும், அதற்கு ரீடரின் சக்தியைக் குறைத்து உலோகக் கூண்டுக்குள் வைத்துப் படியுங்கள்.

விமானச் சரக்குக்கு?

ஏர்வே பில்லில் மூன்று இலக்கம் விமான நிறுவனத்துக்கு (ஏர் இந்தியாவுக்கு 098), அடுத்து எட்டு. அதில் முதல் ஏழை 7-ஆல் வகுத்த மீதி எட்டாவது. 1234567-க்கு மீதி 5, ஆக 12345675. கடைசி இலக்கம் 7, 8, 9 என்று இருந்தாலே எண் தவறு. தளத்தில் ஏ.ஆர்.ஆர். என்றால் விமானம் தரையிறங்கியது, ஆர்.சி.எஃப். என்றால் சரக்கை எண்ணி எடுத்தாயிற்று. முதலாவது வந்து இரண்டாவது நாள் கணக்கில் வராவிட்டால் பாதிச் சரக்கு கிளம்பிய இடத்திலேயே கிடக்கலாம். பேட்டரி உள்ள டிராக்கரைச் சரக்கோடு வைக்க அந்த விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

இரண்டு தளங்களில் நேரம் ஐந்தரை மணி வித்தியாசமாக இருக்கிறது. எது சரி?

இரண்டும். ஒன்று உள்ளூர் நேரம், மற்றொன்று கிரீன்விச் நேரம். பழைய மின் செய்திகளில் பல நேரங்களில் நேர மண்டலமே இருப்பதில்லை. வித்தியாசம் துல்லியமாக ஐந்தரை என்றால் தவறு நிகழ்வில் இல்லை, கடிகாரத்தில். ஆனால் டிடென்ஷன் (கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பிக் கொடுப்பதற்கான கட்டணம்) கணக்கில் நள்ளிரவைத் தாண்டும் ஐந்தரை மணி ஒரு முழு நாள் வாடகை. பில் வந்தால் வாசல் சீட்டில் உள்ள நேரத்தை வைத்து வாதாடுங்கள்.

போன மாதம் போன கன்டெய்னர் இப்போது வேறு துறைமுகத்தில் நிற்பதாகக் காட்டுகிறதே?

அது வேறொருவருடைய சரக்கு. உங்களுடையதை இறக்கிக் காலியாகத் திருப்பிக் கொடுத்த நாளோடு அந்த எண் அடுத்தவருக்குப் போய்விட்டது. காலி திரும்பிய நிகழ்வைத் தேடி, அதற்குப் பின்னால் உள்ளதைப் பார்க்காமல் விடுங்கள். ஆவணத்துக்கு வேண்டுமானால் பயணம் முடிந்த வாரமே முழு நிகழ்வுப் பட்டியலையும் இறக்கி வையுங்கள். பிறகு தளம் காட்டாது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் பிளாக்செயின் தளம் வருகிறது என்றார்களே?

மேர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் 2018-இல் தொடங்கிய டிரேட்லென்ஸ் அதற்குத்தான். 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்து, 2023 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். இப்போது கப்பல் நிறுவனங்கள் டி.சி.எஸ்.ஏ. என்ற அமைப்பின் வழியாக நிகழ்வுகளுக்குப் பொதுப் பெயரும் வடிவமும் வகுத்து வருகின்றன. பளபளப்பு குறைவு, பயன் அதிகம்.

இறங்கிய கன்டெய்னரில் சீல் எண் பி.எல்.-இல் உள்ளதோடு பொருந்தவில்லை என்று வாங்குபவர் சொல்கிறார். என்ன செய்வது?

முதலில், வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். சீல், கதவுக் கைப்பிடி, ரிவெட்டுகள் மூன்றையும் அருகிலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். சீலைத் தொடாமல் ரிவெட்டைக் கழற்றிக் கதவைத் திறக்கும் ஆட்கள் உண்டு. புது பெயின்ட்டும் புது ரிவெட்டும் அதற்கு அடையாளம்.

பிறகு உங்கள் பக்கம் பாருங்கள். ஆலையில் வைத்தவை இரண்டு சீல்: இ-சீலும் கப்பல் நிறுவனத்தின் சீலும். பி.எல்.-இல் ஒன்றும் கதவில் மற்றதும் பேசப்பட்டால் பிரச்சினையே இல்லை. அதுவும் இல்லையென்றால், வழியில் சுங்கப் பரிசோதனைக்கு வெட்டிப் புதுச் சீல் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அதற்குக் காகிதம் இருக்கும்.

காகிதம் இல்லை என்றால் ஆலைச் சீட்டு, தூத்துக்குடி வாசல் சீட்டு, ஏற்றியது, கொழும்பில் இறக்கியது, மறுபடி ஏற்றியது, கடைசித் துறைமுக வாசல் என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் பதிவான சீல் எண்ணை வரிசையாக எழுதுங்கள். எந்த இரண்டுக்கு நடுவில் எண் மாறுகிறதோ, அந்த இடைவெளியில் கன்டெய்னர் யார் கையில் இருந்ததோ அவரிடம்தான் உங்கள் கேள்வி. சர்வேயர் முன்னிலையில் திறந்து எண்ணச் சொல்லுங்கள். கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச ஹேக் விதிகளின்படி, வெளியே தெரியாத சேதம் அல்லது குறைவுக்கு டெலிவரி எடுத்த 3 நாளுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்குப் போட ஓராண்டு. அறிவிப்பில் கன்டெய்னர் எண், இரண்டு சீல் எண்கள், குறையும் கார்ட்டன்களின் எஸ்.எஸ்.சி.சி. எண்கள் மூன்றும் இருக்கட்டும்.